பத்தொன்பதாம் தேதி மழை

கோமதிநாயகத்துக்கு அந்தப் பளபளப்பைத் திரும்பிப் பார்க்கவே பயமாயிருந்தது. பக்கத்து வீட்டு நார்மன் ஆட்கினுடைய தோட்டத்தில், பீன்ஸ் பாத்திக்குள் முழங்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால், புல்தரை நடுவில், ஒரு அடி உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற செம்பு மழைமானி காலை வெயிலை வாங்கி வாங்கி அவன் பிடரியில் எறிந்துகொண்டிருப்பதுபோல் தோன்றியது. மழை விட்டு இரண்டு மணி நேரம் இருக்கும். இங்கிலாந்தின் கிழக்கோரத்தில், நாற்பத்துச் சொச்சம் வீடுகள் உள்ள ஹார்ல்பி என்ற அந்த ஊர் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டு விளிம்பு, தந்திக் கம்பி, வேலிச் செடி, தபால்பெட்டியின் சிவப்பு உதடு, எல்லாம் மழையைக் கொஞ்சம் மடியில் முடிந்து வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து அவிழ்த்தன. பெய்கிற மழையை வாங்கி வைக்கவென்றே செய்த பாத்திரம் ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு கிடையாது. மழை பெய்த நேரத்தில் அது நாயகத்தின் அடுப்படியில், புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டை விரித்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவன் ஒரு களையைப் பிடித்து இழுத்தான். வேர் வராமல் தண்டு மட்டும் கையோடு வந்தது. இந்த ஊர்க் களைகளுக்கு அந்தக் குணம் உண்டு, பிடித்தவன் கையில் ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு மறு பாதியோடு மண்ணுக்குள் இருந்து சிரிக்கும். பதினொன்றரை மணிக்கு நார்மனின் அண்ணன் மகள் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வருகிறாள். இப்போது மணி எட்டே முக்கால் இருக்குமா, ஒன்பதா, கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தது ஒருவகையில் நல்லதுதான்.

நார்மனுக்கு எண்பத்தொரு வயது. இடுப்பு மூட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி அவர் நாயகத்திடம் கேட்டது ஒரே ஒரு உதவி. தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை, பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லவில்லை, பூனையும் அவருக்கு இல்லை. காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுத வேண்டும். அவருடைய ஒன்பது, ஊருடைய பத்து. கோடைகாலத்தில் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாலும் மழைக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பது அவர் கட்சி. புனலைத் தூக்க வேண்டும், உள்ளிருக்கும் பாட்டிலை எடுக்க வேண்டும், கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய், எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுத வேண்டும். மழை இல்லாவிட்டாலும் எழுத வேண்டும், பூஜ்யம் என்று. முப்பத்தாறு வருஷமாக ஒரு கட்டம் காலியில்லை. அவர் வாய்க்கால் வாரியத்தில் மடை திறக்கிற வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வானத்தின் மேல் ஒரு கண் வைத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் 'யூ' என்றபோது அது நீயா நீங்களா என்று நாயகம் வழக்கம்போல் மனசுக்குள் தடுமாறினான். இந்தப் பாஷையில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிடுகிறார்கள், யார் நம்மை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒருநாளும் தெரிவதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சாவிக் கொத்தை நீட்டியபோது அது 'நீ' என்று அவனுக்குத் திட்டமாகத் தெரிந்தது. அவனும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி இரண்டு வருஷமாக வற்புறுத்தப்பட்டு வருகிறான். எண்பத்தொரு வயசுக்காரரை நார்மன் என்று கூப்பிட நாக்கு வருமா. மிஸ்டர் ஆட்கின் என்றால் அவர் முகம் கோணுகிறது. அதனால் அவன் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே, இருமியும் கனைத்தும் காலம் தள்ளிவந்தான். நார்மன் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தபோது நாயகம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மனைவி வடிவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் அவன். நல்லவர்கள், சிரிப்பார்கள், கையாட்டுவார்கள், நல்ல நாள் என்பார்கள், மழை வரும்போல என்பார்கள், கேக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கேக் கொடுப்பவர்களைவிட உதவி கேட்பவர்களைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான் என்பது அந்தச் சாவி கைக்கு வந்தபோதுதான் அவனுக்கே விளங்கியது.

ஒன்பது நாள் ஒழுங்காக எழுதினான். ஒன்பது கட்டம். அதில் ஐந்து பூஜ்யம். பூஜ்யம் எழுதுவதிலும் ஒரு நிறைவு இருந்தது, வட்டத்தைச் சரியாக மூடுவான். பத்தாம் நாள்தான் கெட்டது. இல்லை, ஒன்பதாம் நாள் சாயங்காலம். நாளை அவர் வருகிறார் என்று புல்லை வெட்டி, பாதையைப் பெருக்கி, பீன்ஸ் கம்புகளை இறுக்கிக் கட்டி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தபோது அந்த ஒன்றுதான் கண்ணை உறுத்தியது. கறுப்பும் பச்சையுமாக, பாசி படிந்த குளத்துப் படிக்கட்டு மாதிரி. திருநெல்வேலி டவுனில் தெற்கு ரத வீதியில் அவன் வீட்டுக்குப் பாத்திரக் கடை. செம்பு பச்சை பிடித்துக் கிடந்தால் அந்த வீட்டில் யாரோ படுத்துக் கிடக்கிறார்கள் என்று அப்பா சொல்வார். வாடிக்கைக்காரர் வருமுன் கடை வாசல் அடுக்கு முழுவதும் மின்ன வேண்டும், மின்னாத குடத்தைப் பார்த்து ஒருவன் உள்ளே வரமாட்டான், கல்யாண வீட்டுக்குப் போகிற செம்பில் பேர் வெட்டுகிறவர் வந்து உட்காருமுன் அது கண்ணாடியாக இருக்க வேண்டும். புளிக் கரைசலில் செம்பு முகம் மாறுகிற அந்த நொடி இருக்கிறதே, அழுக்குக்கு அடியிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு தோல் எழும்பி வருமே, அதைப் பார்த்து வளர்ந்த கைக்கு வேறு புத்தி எப்படி வரும். பெரியவர் இரண்டு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நிற்பார், இதைப் பார்ப்பார், படுக்கையில் கிடந்த மனுசனுக்குக் கண் குளிர்ந்துபோகும். அவன் மனசில் ஓடிய படம் இதுதான். போனில் பார்த்தான், நாளை காலை மழைக்கு நூற்றுக்குப் பத்து பங்கு என்றிருந்தது. பத்து பங்கு என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். புனலையும், பாட்டிலையும், புதைத்திருந்த உருளையையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டு வந்தான். புல்லில் வட்டமாக ஒரு குழி வாய் திறந்தது. தேய்த்து முடித்தபோது எட்டரை மணி, இந்த நாட்டு ஜூன் மாதத்தில் எட்டரைக்கும் பட்டப்பகல். ஈரம் காயட்டும், கறை விழுந்துவிடும், காலையில் எழுந்ததும் வைத்துவிடலாம் என்று துண்டை விரித்தான். அந்தத் துண்டை விரித்த கை. இப்போது களை பிடுங்குகிற இதே கைதான். நகக்கண்ணில் இன்னும் புளி வாசம் இருக்கிறது.

மழை ஐந்து மணிக்குத் தொடங்கியது. அதை அவன் கேட்டான். அதுதான் அவனைக் குடைந்துகொண்டேயிருந்தது. கேட்காமல் தூங்கியிருந்தால் தப்பு பாதிதான். அவன் கேட்டான், சுகமாகக் கேட்டான். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு வரப்பு உண்டு, அதன்மேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, கூரைமேல் யாரோ அரிசி புடைப்பதுபோல் வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். புடைத்தார்கள், நிறுத்தினார்கள், கல் பொறுக்கினார்கள், மறுபடி புடைத்தார்கள். பீன்ஸுக்கு நல்லது என்று நினைத்தான். மண்ணுக்கு நல்லது. நார்மன் சந்தோஷப்படுவார், நாளைக் கட்டத்தில் நல்ல எண்ணாக விழும், அதை நான் எழுதுவேன் என்றுகூட நினைத்தான். தலையணையின் குளிர்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டான். நினைப்பு அடுப்படிவரை போய், அந்தத் துண்டின்மேல் ஏறி, கவிழ்ந்து கிடந்த செம்பின் மேல் நடந்து போயிற்று, ஆனால் எதையும் பார்க்கவில்லை, குருட்டு எறும்பு மாதிரி. சந்தோஷத்தில் இருக்கிற மனசு இவ்வளவு முட்டாளாக இருக்குமா. பயந்துகொண்டு படுத்திருந்தால் துள்ளி எழுந்திருப்பான். இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டுதானே படுத்திருந்தான், வேலைக்குப் போட்ட மனுவுக்குப் பதில் வருமா, வராதா, வடிவு சலித்துப்போய்விடுவாளா, ஊரில் அப்பா கேட்டால் என்ன செய்கிறேன் என்று சொல்வது என்று. பயத்தை ஒரே ஒரு நாள் இறக்கி வைத்தான், அந்த நாள் பார்த்து மழை வந்தது. ஆறரைக்குச் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான், அந்தச் சத்தமின்மையில்தான், செம்பு நினைவுக்கு வந்தது. வெறுங்காலோடு ஓடிப்போய்க் குழியில் நட்டான். குழிக்குள் இறங்கியிருந்த சேற்றுத் தண்ணீரில் அளவுகோலை விட்டுப் பார்த்தான். மண் குடித்தது போக மீதி. மண் எவ்வளவு குடித்தது என்று மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

எட்டேகாலுக்கு வடிவு டூட்டி முடிந்து வந்தாள். அவளுக்கு அவன் மாமன் மகன், சின்ன வயசிலிருந்தே அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். அடுப்படியில் சிந்திக் கிடந்த புளியைப் பார்த்து, ஜன்னல் வழியாகப் பக்கத்துப் புல்தரையைப் பார்த்து, அவன் முகத்தைப் பார்த்து, பையைக் கீழே வைத்தாள். முழுக்கதையையும் அவன் சொல்லி முடிக்குமுன் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"உலகத்துலயே மழைமானியப் புளி போட்டு வெளக்குன ஒரே ஆளு நீங்கதான் அத்தான். மாமாகிட்டச் சொன்னா கடைல போட்டோ மாட்டுவாவ."

"சிரிக்காதட்டி. கட்டம் காலியா கெடக்கு."

"மழை பேஞ்சுதுல்லா? ஒரு நம்பர எழுதிப் போடுங்க. மழை வந்து கேசு போடப் போவுதா?"

"நீ பிரஷர் பாக்காம பிரஷர் எழுதுவியா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். ஒரு கால் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தாள். "அது மனுசன் அத்தான். இது மழை," என்றாள். அப்புறம் ஒற்றை ஷூவோடு மாடி ஏறிப்போய்ப் படுத்துக்கொண்டாள்.

அது மனுசன், இது மழை. களைக்கு ஒரு தடவை என்று அதைச் சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பிடுங்க வந்தது. ஆனால் எங்கோ வேர் அறுந்தது. முதன்முதலில் நார்மன் அவனோடு பேசியதே மழையைப் பற்றித்தான். வந்த முதல் பிப்ரவரி, வேலிக்கு மேல் ஒரு தொப்பி, தொப்பிக்குக் கீழே ஒரு மூக்கு. உங்கள் ஊரில் மழை உண்டா என்றார் அவர். உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வரும் என்று இவன் மாதம் மாற்றிச் சொல்லிப் புரியவைத்தான். எவ்வளவு என்றார். நிறைய என்றான். எவ்வளவு என்றார் மறுபடி, பொறுமையாக, குழந்தையிடம் கேட்பதுபோல. முப்பது வருஷம் அந்த மழையில் நனைந்தவனுக்கு அது எவ்வளவு என்று தெரிந்திருக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் மண்டபத்தை மூழ்கடித்த மழையைப் பார்த்திருக்கிறான், கடைக்குள் முழங்கால் தண்ணீரில் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்ததைப் பார்த்திருக்கிறான், இன்னும் காதில் அந்த டொங் டொங் இருக்கிறது, ஆனால் எவ்வளவு. நிறைய என்று எழுத என்னிடம் கட்டமில்லையே என்று நார்மன் சொன்னார். கேலி செய்தார் என்று அன்றைக்கு நினைத்து வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காலை வேலியில் ஒரு காகிதப் பை தொங்கியது, உள்ளே விதை உருளைக்கிழங்கு ஆறு, முளை மேலே இருக்கும்படி வைக்கவும் என்று ஒரு சீட்டு. இந்த மனுசனுக்கு மழை வெறும் மழையா. வடிவு தூங்கிக்கொண்டிருக்கிறாள், தூங்குகிறவளிடம் போய் வாதாட முடியாது.

வீட்டுக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தாக ஐந்து நிமிஷம். பழக்கதோஷத்தில் கால் நடந்து போய் மழைமானியின் முன் நின்றது. புனலைத் தூக்கினான். பாட்டிலை எடுத்தான். காலி பாட்டிலைக் கண்ணாடிக் குழாயில் கவிழ்த்தான். ஒன்றும் விழாததை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தான். செம்பில் அவன் முகம் அகலமாக, உதடு காது வரைக்கும் நீண்டு, சிரிப்பதுபோல் தெரிந்தது. அப்புறம் எழுந்து தோட்டம் முழுக்க மழையைத் தேடிக்கொண்டு போனான். தள்ளுவண்டி சாய்ந்து கிடந்தது, ஒரு மூலையில் மட்டும் தண்ணீர், அதில் ஒரு நத்தை. பூவாளியின் வாய் சின்னது, வயிறு பெரிது. பூந்தொட்டித் தட்டுகள் நிரம்பி வழிந்திருந்தன, வழிந்தது எவ்வளவோ. கோஸ் இலையின் குழியில் ஒரு பெரிய துளி பாதரசம்போல் உருண்டது. எல்லாரும் மழையை வாங்கியிருந்தார்கள், அளந்து வாங்கியவர் யாருமில்லை. நேரான சுவரும் தட்டையான அடியும் உள்ள ஒரு பாத்திரம், ஒரே ஒரு பாத்திரம், வானத்தைப் பார்த்து இருந்திருந்தால் போதும். அவன் வீட்டில் அப்படிப்பட்டவை பதினாறு இருந்தன, எல்லாம் அலமாரிக்குள், கழுவிக் கவிழ்த்து. பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற ஜாதி நாம் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"நல்ல மழை, டக்," என்று குரல் கேட்டது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஷீலா, நாயோடு, குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து ஆட்கள் பிரியமாகக் கூப்பிடுவதென்றால் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பழக அவனுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அவள் செம்பைப் பார்த்தாள். பார்த்ததும் வாய்மேல் கை போயிற்று. ஏன் இப்படி என்று கேட்டாள், அவன் சொன்னான், மழை நேரத்தில் எங்கிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டான், நாய்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்டது. ஷீலா சுவரில் முழங்கை ஊன்றி யோசித்தாள். ஐந்து என்று எழுதிவிடு, என்றாள். அவருக்கு எங்கே தெரியப்போகிறது, அவர் இருபது மைல் தள்ளிப் படுத்திருந்தார், ஐந்து என்பது ஒருவருக்கும் வலிக்காத எண். அதோடு போயிருக்கலாம். போகுமுன், நாயின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, இன்னொன்றும் சொன்னாள். பெண்டாட்டியை அடக்கம் செய்த அன்று காலையிலும் நார்மன் கறுப்புக் கோட்டோடு வந்து இதன் முன்னால் குனிந்து நின்றாராம். சவ வண்டி வாசலில் காத்திருந்ததாம். புள்ளி மூன்று என்றாராம் வண்டியில் ஏறும்போது, யாரையும் பார்க்காமல். அதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். புள்ளி மூன்று. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அதை எழுதாவிட்டால் என்ன குறைந்துபோயிருக்கும். எழுதியதால் என்ன மிஞ்சியது. ஆனால் நோட்டில் எங்கோ அந்தக் கட்டம் இருக்கிறது, அந்த அம்மாள் மண்ணுக்குள் போன நாளில் வானம் இவ்வளவு ஈரமாயிருந்தது என்று அது ஒன்றுக்குத்தான் தெரியும்.

கண்ணாடிக் கொட்டகைக்குள் பலகைமேல் நோட்டு இருந்தது. தக்காளி இலை வாசம், சூடான மண் வாசம். பென்சிலை எடுத்தான். பத்தொன்பது என்ற எண்ணுக்கு எதிரில் ஒரு வெள்ளைக் கட்டம், சுண்டு விரல் நக அளவு, ஆனால் பார்க்கப் பார்க்க அகலமாகிக்கொண்டே போய், மேலும் கீழும் உள்ள கட்டங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்தக் கொட்டகை அளவுக்கு நின்றது. இப்படியே விட்டால் முதலில் அதில்தான் அவர் கண் விழும். முப்பத்தாறு வருஷத்தில் ஒரே ஓட்டை, அதுவும் அவன் கையில் கொடுத்த பத்தே நாளில். நல்ல பையன்தான், ஆனால் என்று யாரிடமாவது சொல்வார். சொல்லக்கூட மாட்டார், இங்கே யாரும் எதையும் சொல்வதில்லை, அடுத்த தடவை சாவி வேறு யாருக்காவது போகும், அவ்வளவுதான், வேலிக்கு மேல் தொப்பி வரும், நல்ல நாள் என்று சொல்லும், கேக் வரும். ஐந்து என்று எழுதினான். அது பொய் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மழை இப்படி முழுசாக, கடைக்காரன் தராசில் நிறுத்ததுபோல் பெய்யாது. அழித்தான். 4.8 என்று எழுதினான். அந்தப் புள்ளியை வைத்ததும் அது உண்மையாகிவிட்டது. குனிந்து, ஒரு கண்ணை மூடி, நீர்மட்டத்தைப் பார்த்தவன் எழுதிய எண் அது. அவனே அதை நம்பினான். கண்ணாடிக் குழாயில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் மேல் பக்கமாகத் தண்ணீர் தளும்பி நிற்பதைப் பார்த்த ஞாபகம்கூட வந்துவிட்டது, அதில் ஒரு சின்னப் பூச்சி மிதந்ததும்தான். பொய் இவ்வளவு சீக்கிரம் குடித்தனம் வைத்துவிடுமா என்று வியந்துகொண்டே மறுபடி பீன்ஸ் பாத்திக்குப் போனான். மனசு லேசாக இருந்தது. கை வேலை செய்தது. கொடி கம்பைச் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது, எல்லாக் கொடியும் ஒரே பக்கமாக. யார் சொல்லிக்கொடுத்தார்கள். சிவப்புப் பூவுக்குள் ஒரு தேனீ தலையை விட்டுப் பின்னங்காலை ஆட்டியது. வெயில் முதுகில் ஏறியது. ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது, மழை வந்த வழியே திரும்பிப் போகிறதோ, யாரிடம் போய் எவ்வளவு என்று சொல்லும், 4.8 என்றா சொல்லும். இனிமேல் ஒவ்வொரு காலையிலும் வேலிக்கு மேல் அந்தத் தொப்பி வரும். அவன் கனைப்பான். கனைப்புக்குள் நாலு புள்ளி எட்டு உட்கார்ந்திருக்கும்.

கார் வந்தபோது அவன் கையில் மண்ணோடு எழுந்து நின்றான். அண்ணன் மகள் ஜேனட் கதவைத் திறந்துவிட, நார்மன் முதலில் இரண்டு கம்புகளை வெளியே நீட்டினார், பிறகு ஒரு காலை, பிறகு தன்னை. பத்து நாளில் சட்டைக்குள் ஆள் குறைந்திருந்தார். வீட்டு வாசலுக்குப் போகவில்லை. நாயகத்தைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நேராகப் புல்தரைக்கு வந்தார். கம்பு, கால், கம்பு, கால். பாதி வழியில் நின்றார். செம்பு அங்கே நின்று மின்னியது, கல்யாண வீட்டு வாசலில் வைத்த மாதிரி. யார் என்றார். நான்தான், புளியும் உப்பும் போட்டு, என்றான் நாயகம். பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். விரலை வைத்து ஒவ்வொரு நாளாகக் கீழே இறங்கினார். பூஜ்யத்துக்கு ஒரு 'ம்', ஒன்று புள்ளி இரண்டுக்கு ஒரு 'ம்'. கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"நாலு புள்ளி எட்டு," என்றார். "படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஐந்து மணிக்குத்தான் ஆரம்பித்தது. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நர்ஸிடம் சொன்னேன்."

அவர் முகத்தில் ஒரு திருப்தி பரவியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் பிறர் கையில் கிடந்துவிட்டு, தன் காது இன்னும் தன்னுடையதுதான் என்று தெரிந்துகொண்டவரின் திருப்தி. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. மேலே மாடியில் வடிவு தூங்குகிறாள், ஷீலா யாரிடமும் சொல்லமாட்டாள், மழை கேஸ் போடாது. அவர் விரல் அந்த நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. மூடிய அட்டைக்குள், எங்கோ நடுவில், கறுப்புக் கோட்டு நாளின் புள்ளி மூன்று, அதே கட்ட வரிசையில், இப்போது தன் நாலு புள்ளி எட்டோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது என்று நாயகம் நினைத்தான். நினைத்தது அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்தது.

"நார்மன்," என்றான். "அது நான் அளந்ததில்லை. மழை பெய்தபோது இது என் அடுப்படியில் கிடந்தது. எண்ணை நானே போட்டேன்."

ஜேனட் காரிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வெறும் மழைதானே சித்தப்பா, என்றாள். நார்மன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலையும் ஆறு அங்குல ஸ்கேலையும் எடுத்தார். ஆஸ்பத்திரிக்கும் அவற்றைக் கொண்டுபோயிருந்தார் போலிருக்கிறது. அழிக்கவில்லை. நாலு புள்ளி எட்டின் மேல் ஸ்கேலை வைத்து ஒரே கோடு இழுத்தார். பக்கத்தில் சிறிய எழுத்தில், அளக்கவில்லை, என்று எழுதி, பென்சிலை நாயகத்திடம் நீட்டினார். கையெழுத்துப் போடு, உன் கட்டம் இது, என்றார். நாயகம் தன் பேரின் முதல் எழுத்துகளைப் போட்டான். பென்சில் முனை தாளைக் குத்தி ஓட்டை விழுந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுவது நின்றுபோயிருந்தது. நார்மன் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கூசுகிறவர்போல.

"அந்தப் பச்சை பிடிக்க இருபது வருஷம் ஆனது," என்றார் கடைசியில். "எனக்கு இனி நேரமில்லை. நீ பார்ப்பாய்."

இருபது வருஷம் என்ற சொல் நாயகத்தின் காதுக்குள் போய், இருட்டில் ஒவ்வொரு படியாகத் தடவிக்கொண்டு போயிற்று. இரண்டு வருஷத்தில் அவன் எந்த நாளும் அடுத்த மார்கழிக்கு அப்பால் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆறு வாரத்துக்குக் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், என்றார் நார்மன். நாளைக்கு ஒன்பது. உன் கடிகாரத்தில் பத்து. பிறகு கம்பை நீட்டி, அது சாய்ந்திருக்கிறது, என்றார். காலையில் பதற்றத்தில் நட்டது, ஆமாம், மேற்குப் பக்கமாக ஒரு விரல் சாய்ந்துதான் இருந்தது. சாய்ந்திருந்தால் பாதி மழை வெளியே போய்விடும். நாயகம் புல்லில் மண்டியிட்டு உருளையை இரண்டு கையாலும் பிடித்தான். செம்பு வெயிலில் சுட்டது. அவன் அசைக்க, பெஞ்சில் இருந்தபடி நார்மன் கம்பால் தரையைத் தட்டினார். இன்னும் கொஞ்சம். உன் பக்கம். அதிகம், திரும்பு. அவன் மண்ணை அள்ளி வைத்துச் சுற்றிலும் விரலால் இறுக்கிக்கொண்டே போனான், தலையை நிமிர்த்தாமல், பின்னால் கேட்கிற அந்தத் தட்டலுக்கு மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டு. தட்டல் நின்றபோது அது நேராக இருந்தது.